ஆடிட்டர் ஆபீசின் மாத ஜிஎஸ்டி வேலையை ஒரே போர்டில் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாதம் 30, 40 பார்ட்டிக்கு (வாடிக்கையாளருக்கு) மேல் ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதாவது அரசுக்குத் தரும் வரிக் கணக்கு, போடும் ஆபீஸ்களுக்கு இது. எனக்கு வேலை திருப்பூரில். பனியன் கம்பெனி, ஜாப் ஒர்க் யூனிட், நூல் கடை என்று சுமார் 60 பார்ட்டி. நான்கு பேர் உட்கார்ந்து செய்கிறோம். உங்கள் ஊரில் அது அரிசி மண்டியாக இருக்கலாம், ஹார்டுவேர் கடையாக இருக்கலாம். வேலை நகரும் வரிசை ஒன்றுதான்.

இந்த போர்டை நான் ட்ரெல்லோவில் அமைத்தேன். ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாக எழுதி, கட்டம் கட்டமாக நகர்த்தும் ஆப் அது. கூகுள் ஷீட்டிலும் செய்யலாம், சுவரில் ஒயிட்போர்டு மாட்டி ஒட்டுத்தாளிலும் செய்யலாம். இன்னும் சில ஆபீஸ்களில் இதை அமைக்கும்போது கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். தடுக்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். முதல் நாளே ஆப்பைத் திறந்து "செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது" என்று மூன்று கட்டம் போட்டார்கள். 10-ம் தேதி பார்த்தால் நடுக்கட்டத்தில் 40 கார்டு. எது பில்லுக்காக நிற்கிறது, எது ஓடிபிக்காக நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. மறுபடியும் எல்லோரும் சீனியரிடமே போய்க் கேட்டார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பார்ட்டி பட்டியல். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஐந்து விவரம் எழுதுங்கள்: மாத ரிட்டர்னா காலாண்டா, தாக்கலுக்கு ஓடிபியா டிஎஸ்சியா (டிஜிட்டல் கையெழுத்து), அந்த ஓடிபி யார் போனுக்குப் போகிறது, பில் கொடுப்பவர் யார், வரிப்பணம் போடுபவர் யார்.

கடைசி மூன்றும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்வது புதியவர்களின் வழக்கமான தவறு. பில் கொடுப்பது கம்பெனி அக்கவுண்டண்ட். ஓடிபி போவது முதலாளியின் அப்பா போனுக்கு. பணம் போட வேண்டிய முதலாளி சூரத்தில் சரக்கு பார்த்துக்கொண்டிருப்பார். இதை 20-ம் தேதி மாலை ஏழு மணிக்குக் கண்டுபிடித்தால் என்ன செய்வது? பதிவு பெற்ற கம்பெனி, எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) என்றால் டிஎஸ்சி கட்டாயம். அந்த டிஎஸ்சி இருக்கும் யுஎஸ்பி டோக்கன் யார் டிராயரில் இருக்கிறது, எப்போது காலாவதி ஆகிறது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அடுத்து, போர்டில் எது எப்படி இருக்க வேண்டும் என்று கடைசி முடிவு சொல்ல ஒருவர் வேண்டும். அது ஆடிட்டராக இருக்க வேண்டியதில்லை. தினமும் சீட்டில் இருப்பவராக இருந்தால் போதும். நாலு பேரும் நாலு விதமாகக் கட்டத்தின் பெயரை மாற்றிய ஒரு போர்டைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம்கூட அது ஓடவில்லை.

நாளும் முக்கியம். 21-ம் தேதிக்குப் பிறகு ஆரம்பியுங்கள். 1 முதல் 20 வரை ஆபீசில் யாருக்கும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அந்த நாட்களில் திணித்தால், "இது சரிப்பட்டு வராது" என்ற பேச்சு வேலை தொடங்கும் முன்பே வந்துவிடும்.

2. ஒரு பார்ட்டி, ஒரு மாதம், ஒரு வெள்ளைத்தாள்

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ரொம்ப எளிமையான பார்ட்டியும் வேண்டாம், ரொம்பச் சிக்கலானதும் வேண்டாம். நடுத்தரமான ஒன்றை எடுத்து, போன மாதம் அதற்கு நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். எப்படி நடந்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டாம். 3-ம் தேதி பில் கேட்டோம். 6-ம் தேதி பாதி வந்தது. 8-ம் தேதி டேலியில் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில்) என்ட்ரி. ஒரு பில்லில் ஜிஎஸ்டி நம்பர் தப்பு, போன் செய்தோம், எடுக்கவில்லை. இப்படியே ரிட்டர்ன் போட்டு முடிக்கும் வரை.

வேலையை உண்மையில் செய்தவரே இதை எழுத வேண்டும். சீனியர் எழுதினால் அதில் காத்திருப்புகள் இருக்காது. அவர் கண்ணுக்கு வேலை மட்டும்தான் தெரியும். போன் எடுக்காத இரண்டு நாள் தெரியாது. எங்கள் தாளில் மொத்தம் 17 நாள் கதை இருந்தது, அதில் நாங்கள் கைவைத்து வேலை செய்தது ஒரு நாளுக்கும் குறைவு. மீதி எல்லாம் யாருக்காகவோ காத்திருந்த நேரம். போர்டில் கட்டம் பிரிக்க வேண்டியதும் அந்தக் காத்திருப்புகளை வைத்துத்தான்.

3. கட்டங்கள்: இப்போது யார் கையில்?

ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்த வேலை இப்போது யார் கையில் நிற்கிறது? கை மாறினால் புதுக் கட்டம். கை மாறவில்லை என்றால் புதுக் கட்டம் தேவையில்லை. கீழே ஆர்-1 என்பது விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன்; 3பி என்பது வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன்; 2பி என்பது பார்ட்டி வாங்கிய பில்களை ஜிஎஸ்டி இணையதளம் (போர்ட்டல்) தானாகத் தொகுத்துத் தரும் பட்டியல். எங்களுடையது இது:

பில் வரவில்லை – பார்ட்டி கையில்
என்ட்ரி – நம் அக்கவுண்டண்ட் கையில்
சந்தேகம் கேட்டிருக்கிறோம் – பார்ட்டி கையில்
ஆர்-1 செக்கிங் – சீனியர் கையில்
ஆர்-1 ஓடிபி – கையெழுத்துப் போடுபவர் கையில்
2பி வர வேண்டும் – போர்ட்டல் கையில்
2பி ஒப்பீடு – நம் அக்கவுண்டண்ட் கையில்
3பி செக்கிங் – சீனியர் கையில்
வரி கட்ட வேண்டும் – பார்ட்டி கையில்
3பி ஓடிபி – கையெழுத்துப் போடுபவர் கையில்
முடிந்தது

பதினொன்று அதிகம் என்று தோன்றும். "சந்தேகம் கேட்டிருக்கிறோம்" எதற்கு, அதையும் "என்ட்ரி"யிலேயே வைக்கலாமே என்று எல்லா ஆபீசிலும் யாராவது கேட்பார்கள். வைத்தால், அக்கவுண்டண்ட் சும்மா இருப்பது போலத் தெரியும். உண்மையில் பார்ட்டி பதில் சொல்லாமல் இருப்பார். திட்டு தப்பான ஆளுக்கு விழும். அதற்காகவே அது தனிக் கட்டம்.

"2பி வர வேண்டும்" என்பதும் அப்படித்தான். ஜிஎஸ்டிஆர்-2பி 14-ம் தேதி உருவாகும். அதில் வந்த பில்லுக்குத்தான் இன்புட் கிரெடிட் எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியும். ஆகவே 11-லிருந்து 14 வரை கார்டு நிற்பது யாருடைய தவறும் இல்லை. ஆனால் அந்த இடைவெளி சும்மா இருக்கும் நேரமும் இல்லை. போர்ட்டலின் ஐஎம்எஸ் பக்கத்தில் (விற்றவர் ஏற்றிய பில்லை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் இடம்) நமக்குச் சம்பந்தமில்லாத பில் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாம் ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்காகிவிடும்.

"முடிந்தது" என்பதற்கு மட்டும் எழுத்தில் ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் ஆபீசில் 3பி-யின் ஏஆர்என் எண் (தாக்கல் செய்ததும் போர்ட்டல் தரும் ஒப்புகை எண்) கார்டில் எழுதப்பட்டிருந்தால்தான் முடிந்தது. ஆரம்பத்தில் இந்த விதி இல்லை. பணம் கட்டியதோடு ஒரு பையன் கார்டைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டான். சலான் கட்டினால் பணம் போர்ட்டலில் பார்ட்டியின் பணக் கணக்கான கேஷ் லெட்ஜரில் போய் உட்காரும், அவ்வளவுதான். ரிட்டர்ன் போட்டதாக ஆகாது. அடுத்த மாத ஆர்-1 போடப் போனபோது போர்ட்டல் விடவில்லை. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தாமதக் கட்டணத்தை ஆபீஸ் கட்டியது.

4. எது ஒரு கார்டு?

ஒரு பார்ட்டி, ஒரு வரிக்காலம், ஒரு கார்டு. ஆர்-1க்கு ஒன்று, 3பி-க்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். ரிட்டர்ன் இரண்டாக இருந்தாலும் வேலை ஒரே சங்கிலி. ஆர்-1 போடாமல் அதே மாத 3பி போட முடியாது; 3பி போடாமல் அடுத்த மாத ஆர்-1 போட முடியாது. நான் முதலில் பிரித்துத்தான் வைத்தேன். ஒரு கிரெடிட் நோட் (விற்ற பில்லின் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) பற்றி ஆர்-1 கார்டில் எழுதியிருந்த குறிப்பை 3பி செய்தவர் பார்க்கவே இல்லை. அடுத்த மாதமே இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

பெயர் வைப்பதில் ஒரு குழி இருக்கிறது. ஜூன் மாத வியாபாரத்துக்கு ரிட்டர்ன் போடுவது ஜூலையில். ஒருவர் "ஜூன்" என்று எழுதுவார், இன்னொருவர் "ஜூலை" என்று எழுதுவார், இருவரும் ஒரே வேலையைச் சொல்வார்கள். வரிக்காலத்தையே எழுதுவது என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் போர்ட்டல் கேட்பதும் அதைத்தான். பார்ட்டி பெயரை முன்னால் போட்டு, "06-2025" போல மாதத்தை எண்ணில் எழுதினால் தேடுவது எளிது.

காலாண்டு பார்ட்டிகளுக்கு ஒரு நிற லேபிள் போதும், தனி போர்டு வேண்டாம். ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்கள் இந்த முறையில் இருக்கலாம். அவர்களுக்கு முதல் இரண்டு மாதம் 25-ம் தேதிக்குள் வரிப்பணம். வாங்குபவருக்கு கிரெடிட் போக வேண்டிய பில்களை 13-ம் தேதிக்குள் ஐஎஃப்எஃப்-இல் (காலாண்டுக்காரர்கள் இடையில் பில் ஏற்றும் வசதி) ஏற்றலாம். மூன்றாவது மாதம் முடிந்ததும் காலாண்டுக்கான ஆர்-1 13-ம் தேதி, 3பி தமிழ்நாட்டுக்கு 22-ம் தேதி. காலாண்டு என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு கார்டு போதும் என்று நினைப்பவர்கள் அந்த 25-ம் தேதிப் பணத்தை மறப்பார்கள். மாதம் ஒரு கார்டு போடுங்கள்.

காம்போசிஷன் பார்ட்டி (எளிய வரித் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரி), ஜாப் ஒர்க்குக்கான ஐடிசி-04 படிவம், டிடிஎஸ், பிஎஃப் எல்லாவற்றையும் இந்த போர்டில் கொண்டுவந்து கொட்டாதீர்கள். அவை நகரும் வழி வேறு. ஒரு கூகுள் காலண்டர் அவற்றுக்குப் போதும்.

5. தேதிகளைப் பின்னாலிருந்து போடுங்கள்

அரசாங்கத் தேதியைக் கார்டில் கெடுவாகப் போட்டால் எல்லா வேலையும் அந்தத் தேதியன்றே நடக்கும். மனிதர்கள் அப்படித்தான். 20-ம் தேதி போர்ட்டல் எப்படி ஊர்ந்து போகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசி நாளிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

3பி-க்குக் கடைசி 20. நம் கணக்கில் 19. அப்படியானால் பணம் 18-ம் தேதி ஏறியிருக்க வேண்டும். நெஃப்ட் மூலம் கட்டுபவருக்கு லெட்ஜரில் விழ நேரம் பிடிக்கும், அதனால் அவருக்கு 17. எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்ட்டிக்கு 16-ம் தேதி மாலைக்குள் சொன்னால்தான் அவர் பணம் புரட்ட முடியும். ஆக 2பி ஒப்பிடவும் 3பி செக்கிங்குக்கும் 14 மாலையிலிருந்து 16 வரை, இரண்டே நாள். மாதத்தின் உண்மையான நெருக்கடி இந்த இரண்டு நாள்தான், 20-ம் தேதி இல்லை. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கும் வரை எனக்கே தெரியாது. அந்த இரண்டு நாளில் யாருக்கும் லீவு கிடையாது என்று பிறகு பேசி வைத்துக்கொண்டோம்.

முன்பாதியும் அதே மாதிரி. ஆர்-1க்குக் கடைசி 11. நம் கணக்கில் 10. என்ட்ரி முடிய 8. பில் வர 5. ஆர்-1 ஒரு நாள் பிந்தினால் என்ன என்று பார்ட்டி கேட்பார். 11-ம் தேதிக்குள் ஏற்றாத பில், வாங்கியவருடைய அந்த மாத 2பி-யில் வராது. அவர் நம் பார்ட்டிக்குப் போன் போட்டு, அந்த ஜிஎஸ்டி தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவேன் என்பார். தாமதக் கட்டணத்தைவிட இதைச் சொன்னால் பில் சீக்கிரம் வருகிறது.

ட்ரெல்லோ கார்டில் ஒரு கெடு தேதிதான் வைக்க முடியும். ஆர்-1 போட்டு முடித்ததும் அந்தத் தேதியை 10-லிருந்து 19க்கு மாற்ற வேண்டும். கார்டை "2பி வர வேண்டும்" கட்டத்துக்கு நகர்த்துபவரே இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லி வையுங்கள். மறந்தால் கார்டு சிவப்பாகவே நிற்கும். நாலு நாளில் சிவப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகக் கண் பழகிவிடும்.

அரசாங்கம் தேதியைத் தள்ளி வைத்தால்? நம் கணக்கில் வைத்த உள் தேதியை மாற்றாதீர்கள்.

6. ஒரு கார்டுக்கு ஒரு பெயர்

ஒரு கார்டில் மூன்று பேரைச் சேர்த்தால் மூன்று பேரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பார்கள். பெயர் ஒன்றுதான். பார்ட்டி கையில் நிற்கும் கார்டுக்கும் நம் ஆள் ஒருவர் பெயர் இருக்க வேண்டும், ஏனென்றால் துரத்த வேண்டியது அவர்.

செக்கிங்குக்குப் போகும்போது பெயர் சீனியருக்கு மாறும். என்ட்ரி போட்டவரே செக் செய்வது கூடாது. 3பி-யைப் போட்டபின் திருத்த வழியில்லை. பிழை இருந்தால் அடுத்த மாதத்தில்தான் சரிக்கட்ட வேண்டும்.

செக்கிங் கட்டத்தின் தலைப்பிலேயே "அதிகபட்சம் 6" என்று எழுதிவிடுங்கள். ஏழாவது கார்டு வர இடமில்லை என்றால், என்ட்ரி முடித்தவர் புதிதாக இன்னொரு என்ட்ரியைத் தொடங்காமல் சீனியருக்கு உதவ வேண்டும், அல்லது ஓடிபி வாங்கித் தர வேண்டும். இது முதலில் கோபத்தைக் கிளப்பும். என் வேலையை நான் முடித்துவிட்டேனே என்பார்கள். ஆனால் செக்கிங்கில் 25 கார்டு குவிந்தால் சீனியர் பார்க்காமலே ஓகே போடுவார். நானும் போட்டிருக்கிறேன்.

7. செக்லிஸ்ட்: ஆறு வரி போதும்

புதியவர்கள் 25 வரி எழுதுவார்கள். இரண்டாம் மாதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் டிக் செய்வார்கள். இதுவரை உங்கள் ஆபீசில் உண்மையிலேயே தப்பிப் போனவற்றை மட்டும் எழுதுங்கள். எங்களுடையது:

சேல்ஸ் பில் நம்பர் விட்டுப்போகாமல் தொடர்ச்சியாக இருக்கிறதா
கிரெடிட் நோட் உண்டா என்று பார்ட்டியிடம் கேட்டாயிற்றா
லாரி வாடகை, வக்கீல் ஃபீஸ் போன்றவற்றுக்கு ஆர்சிஎம் (வாங்குபவரே வரி கட்டுவது) பார்த்தாயிற்றா
2பி-யில் வராத பர்ச்சேஸ் பில் பட்டியல் பார்ட்டிக்குப் போயிற்றா
ஆர்-1 மொத்தமும் 3பி மொத்தமும் ஒன்றா
ஏஆர்என் எழுதியாயிற்றா

இந்தச் செக்லிஸ்ட்டோடு ஒரு மாதிரிக் கார்டைச் செய்து, அதை டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கார்டிலும் பட்டியல் தானாக இருக்கும்.

வியாபாரமே இல்லாத நில் பார்ட்டிக்கு இதெல்லாம் தேவையில்லை. அவர்களை முதல் வாரத்திலேயே போட்டு முடித்துவிடுங்கள். நில் 3பி-யை 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடிக்கலாம். ஒன்றுமில்லாத ரிட்டர்ன்தானே என்று கடைசிக்குத் தள்ளினால் அதற்கும் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். மற்றவர்களுக்கு 50, போதாததற்குக் கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

8. வாட்ஸ்ஆப்பும் பாஸ்வேர்டும்

பார்ட்டிகளை போர்டுக்குள் கொண்டுவர முயலாதீர்கள். வரமாட்டார்கள். பில் வாட்ஸ்ஆப்பில்தான் வரும். கோணலாக எடுத்த போட்டோவாக வரும், ராத்திரி பதினொரு மணிக்கு வரும். "அதான் அனுப்பிட்டேனுங்களே" என்ற வாக்கியமும் கூடவே வரும்.

செய்ய வேண்டியது இதுதான்: வந்ததும் பைலை ஆபீஸ் டிரைவில் பார்ட்டி, மாதம் என்ற போல்டரில் போட்டு, கார்டில் ஒரு வரி. "7-ம் தேதி 14 சேல்ஸ் பில், பர்ச்சேஸ் இன்னும் வரவில்லை." எண்ணிக்கையை எழுதுவது அவசியம். "பில் வந்தது" என்று மட்டும் எழுதினால், எல்லாம் வந்துவிட்டதா பாதிதானா என்று அடுத்தவர் திரும்பவும் போன் செய்வார். பார்ட்டிக்கு எரிச்சல்.

போர்ட்டல் பாஸ்வேர்டைக் கார்டில் எழுதாதீர்கள். எழுதத் தோன்றும், வசதியாகவும் இருக்கும். ஆனால் போர்டைப் பார்க்க முடிகிற ஒவ்வொருவரும், போன வருஷம் வேலையை விட்டுப் போய்ப் பெயர் நீக்காமல் இருப்பவர் உட்பட, அதைப் பார்ப்பார்கள். போர்டு பொதுப் பார்வையில் இல்லாமல் தனிப்பட்டதாக இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். பாஸ்வேர்டுக்குத் தனி மேனேஜர் ஆப் வைத்துக்கொள்ளுங்கள்.

9. முதல் மாதம் பத்து பார்ட்டி மட்டும்

மொத்தத்தையும் ஏற்றாதீர்கள். ஒழுங்காகப் பில் தரும் நாலு பேர், இழுத்தடிக்கும் நாலு பேர், ஒரு காலாண்டு, ஒரு நில். நல்ல பார்ட்டிகளை மட்டும் எடுத்தால் போர்டு அழகாக ஓடும், எதுவும் தெரியவராது.

அந்த மாதம் பழைய எக்செல் ஷீட்டும் கூடவே ஓடட்டும். அடுத்த மாதம் அந்தப் பத்துப் பேரை ஷீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டையும் நிரந்தரமாக வைத்திருந்தால், அவசரத்தில் எல்லோரும் ஷீட்டை மட்டும்தான் நிரப்புவார்கள்.

தானாக கார்டு நகர்வது, தானாக ஆள் மாறுவது மாதிரியான வேலைகளை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். கட்டங்களே இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போது அதை அமைத்தால், கார்டு ஏன் நகர்ந்தது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

10. காலை பத்து நிமிடம்

தினமும் பத்து மணிக்கு, நின்றுகொண்டே, போர்டை வலதுபக்கத்திலிருந்து படியுங்கள். "3பி ஓடிபி" முதலில், "பில் வரவில்லை" கடைசியில். முடியும் தறுவாயில் உள்ளது ஒரு போனில் முடிந்துவிடும். இடதுபக்கத்திலிருந்து தொடங்கினால் பில் தராதவர்களைப் பற்றிப் புலம்பியே பத்து நிமிடமும் போய்விடும்.

ஒவ்வொருவரிடமும் என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். கார்டைக் காட்டி, இது ஏன் இங்கேயே இரண்டு நாளாக நிற்கிறது என்று கேளுங்கள். கேள்வி ஆளைப் பற்றி இருந்தால் சமாளிப்புப் பதில் வரும். கார்டைப் பற்றி இருந்தால் காரணம் வரும்.

சொல்லும்போதே கார்டை நகர்த்த வேண்டும். அப்புறம் நகர்த்துகிறேன் என்பவர் நகர்த்த மாட்டார்.

11. மாதம் முடிந்ததும்

22-ம் தேதிக்கு மேல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்த கார்டுகளை ஆர்க்கைவ் செய்யுங்கள், அழிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வரும்போது, எந்த பில்லை ஏன் விட்டோம் என்பது அந்தக் கார்டின் குறிப்பில்தான் இருக்கும்.

பிறகு அடுத்த மாதக் கார்டுகள் அனைத்தையும் "பில் வரவில்லை" கட்டத்தில் போடுங்கள். பார்ட்டி கேட்காமலே பில் அனுப்பிவிடுவார் என்று நம்பிக் கார்டு போடாமல் விட்ட பெயர்தான் 11-ம் தேதி காணாமல் போகும். போட்டு முடித்ததும் கார்டுகளை எண்ணிப் பாருங்கள். முதல் பிரிவில் எழுதிய பார்ட்டி பட்டியலின் எண்ணிக்கையோடு சரியாக வர வேண்டும். எங்கள் ஆபீசில் இரண்டு முறை ஒன்று குறைந்தது. இரண்டு முறையும் அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த பார்ட்டிதான்.

மிச்சமிருக்கும் நேரத்தில், எந்தக் கட்டத்தில் கார்டுகள் அதிக நாள் நின்றன என்று பார்த்து, ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எங்களுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் "ஆர்-1 ஓடிபி"யில்தான் நின்றது. ஓடிபி வரும் என்று அரை மணி நேரம் முன்னால் பார்ட்டிக்குச் சொல்லிவிட்டு அனுப்புவது என்று மாற்றினோம். மதியம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் மட்டும் அனுப்புகிறோம். காலையில் முதலாளிகள் பேங்கில் இருப்பார்கள், மாலையில் லோடு ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.